கந்தகத்துக்கு வாங்கியது

லாபிஸில் இரவு கறுப்பாக இருந்து நான் பார்த்ததில்லை.
ஆலையின் வெள்ளை விளக்குகள், குலை லோரிகளின் வரிசை,
கொதிகலன் புகையில் மோதித் திரும்பும் வெளிச்சம்.
மதிலுக்கு அந்தப் பக்கம் கோ ஆன்டி
வான்கடவுளுக்கு ஏற்றிவைத்த சிவப்பு விளக்கு வேறு.

துணி காயப்போடும் சிமெண்டுத் தரையில்
முக்காலி நிற்க மூன்று புள்ளி குறித்திருக்கிறேன்.
தீபாவளி போனசில் பாதியைத் தின்றது
சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிய கண்ணாடி.
மூன்று நானோமீட்டர் மட்டும் திறந்த ஜன்னல்.
ஹைட்ரஜனின் சிவப்பு உள்ளே வரலாம், மற்றதெல்லாம் வெளியே.
ஆன்டியின் விளக்கும் வெளியே.
சிவப்புதான்.
அந்தச் சிவப்பு இல்லை.

பகலில் ஆலை ஆய்வுக்கூடத்தில் எண்ணெயின் அமிலம் அளப்பேன்.
நிறம் மாறும் அந்த ஒரு சொட்டில் கை நிற்கவேண்டும்.
நிறத்தோடு கறாராக இருப்பது எனக்குச் சம்பளம்.

குளுவாங் பிரகதீஸ் சிரித்தான்:
"நெபுலாவுக்குச் சரி. கேலக்சிக்கு இதைப் போட்டால்
கோப்பி வடிகட்டியில் ஆற்றை வடிக்கிற கதை."
உண்மைதான், விண்மீன்கள் எல்லா நிறத்திலும் எரிகின்றன.
ஆனால் அவை பிறக்கும் இடம்
அந்த ஒரு நிறத்தில்தான் உரக்கப் பேசும்.

ஏப்ரல். மாலையில் இடிமழை,
நள்ளிரவுக்கு மேல் கழுவிவிட்ட வானம்.
உச்சிக்குச் சற்று வடக்கே கூந்தல் மண்டலம்,
அதற்குள் முப்பத்திரண்டு கோடி ஒளியாண்டில்
கேலக்சிகளின் கொத்து ஒன்று.
பத்துப் பத்து நிமிடமாக மூன்று இரவு.
கொசுவர்த்தி ஆறு.
கிடைத்தவை மங்கிய பஞ்சு உருண்டைகள்.

நாலாம் இரவு தூக்கக் கலக்கத்தில்
சக்கரத்தைத் தப்பான குழிக்குத் திருப்பியிருக்கிறேன்.
மூன்றாம் குழி. கந்தகத்துக்கு வாங்கியது.
பழசு, ஆறு நானோமீட்டர், ஓரத்தில் பூஞ்சை.
விடியும்வரை அதுவே ஓடியிருக்கிறது.

காலையில் படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால்
சீரகம் அளவு ஒரு சுருள்,
அதன் ஓரத்தில் முடிச்சு முடிச்சாக வெளிச்சம்.

அங்கே அவ்வளவு கந்தகம் ஒளிர வழியில்லை.
குடுவை கழுவிக்கொண்டே கணக்குப் போட்டேன்.
நம்மைக் கடந்துபோன லோரியின் ஹாரன் தடித்துப்போகிறதே,
ஒளிக்கும் ஏறக்குறைய அப்படித்தான்.
விநாடிக்கு ஏழாயிரம் கிலோமீட்டர் விலகிப் போகிறது அது.
அறுநூற்று ஐம்பத்தாறில் கிளம்பிய சிவப்பு
வழியெல்லாம் இழுபட்டு இழுபட்டு
அறுநூற்று எழுபத்தொன்றரையில் வந்து இறங்கியிருக்கிறது.
நான் அதன் வாசலில் மூன்று இரவு காத்திருந்தேன்.
அது அடுத்த வாசலில் நின்றுகொண்டிருந்தது.

என் அண்ணன் நாகேந்திரன் பாசிர் கூடாங்கில் இருக்கிறான்.
இருநூறு கிலோமீட்டர்கூட வராது.
வீட்டுப் பத்திரச் சண்டைக்குப் பிறகு போனை எடுப்பதில்லை.
இதை வைத்து அவனைப் பற்றி எதுவும் சொல்ல வரவில்லை.
அண்ணியின் எண் என்னிடம் இருக்கிறது,
அவ்வளவுதான்.

மதிலுக்கு மேலே தலை நீட்டி ஆன்டி மலாயில் கேட்டார்:
என் விளக்கு படத்தில் வந்ததா?
வரவில்லை ஆன்டி,
வராமலிருக்கத்தான் இத்தனை வெள்ளி கொடுத்தேன் என்றேன்,
கொஞ்சம் பெருமையாகவே.
அவர் முகம் விழுந்துவிட்டது.
"மேலே போகட்டும் என்றுதானே ஏற்றுகிறேன்."

இன்றிரவு மேகம். ஒன்றும் எடுக்க முடியாது.
சக்கரத்தைக் காலிக் குழிக்குத் திருப்பி
இரண்டு விநாடி திறந்தேன்.
என் கேமராவுக்கு நிறம் தெரியாது,
திரை முழுக்க ஒரே சாம்பல் வெள்ளை.
ஆலை, லோரி, புகை, தெருவிளக்கு எல்லாம்
மேகத்தில் பட்டு இறங்கிய வெள்ளை.
அதில் எது ஆன்டியுடையது என்று பிரிக்க முடியாது.

இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன்.